பங்கு, விலைவாசி, வரி: எனக்கு மிஞ்சியது எவ்வளவு?

மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய கல்லூரிப் படிப்புக்கென்று ஒரு தொகையைப் பத்து வருட டெபாசிட்டில் போட்டு வைத்தேன். வட்டி 7 சதவீதம். "பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு" என்று வீட்டில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. சொன்னபடியே நடந்தது. முதிர்வு நாளில் போட்ட ஒவ்வொரு லட்சத்துக்கும் 1 லட்சத்து 96 ஆயிரம் சொச்சம் கைக்கு வந்தது.

அன்று இரவு மேசையின் ஒரு பக்கம் டெபாசிட் ரசீது, இன்னொரு பக்கம் கல்லூரியிலிருந்து வந்த கட்டண விவரம். மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "டபுள் ஆகும்னு சொன்னீங்க, ஆயிடுச்சு. அப்புறம் ஏன் பத்தலை?" என்றாள். குறை சொல்லிக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பணம் போட்ட வருடத்தில் அந்தப் படிப்புக்கு இருந்த கட்டணம், இந்தப் பத்து வருடத்தில் இரண்டேகால் மடங்கைத் தாண்டியிருந்தது. பணமும் வளர்ந்தது, செலவும் வளர்ந்தது. செலவு கொஞ்சம் வேகமாக வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த வட்டிக்கான வரியை என் சம்பளத்திலிருந்து கட்டிவந்தேன். அதனால் ரசீதில் அது தெரியவே இல்லை. அன்று இரவு ஒரு பழைய நோட்டை எடுத்து, வரியையும் அந்தப் பணத்திலிருந்தே கழித்துப் போட்டுப் பார்த்தேன். 7 சதவீத வட்டியில் 30 சதவீதம் வரி போனால் நிற்பது 4.9 சதவீதம். அந்தக் கணக்கில் 1 லட்சம் பத்து வருடத்தில் 1 லட்சத்து 61 ஆயிரம்தான் ஆகிறது. விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 1 லட்சத்துக்குக் கிடைக்கும் பொருளுக்குப் பத்து வருடம் கழித்து 1 லட்சத்து 79 ஆயிரம் கொடுக்க வேண்டும். அதாவது பத்து வருடம் தொடாமல் காத்த பணத்தில் வாங்கும் சக்தி பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை, வங்கி சொன்ன சொல் தவறவும் இல்லை. ஆனாலும் பணம் தேய்ந்திருந்தது.

அந்த நோட்டில் அன்று நான்கு கட்டம் போட்டேன். போட்டது, வந்தது, வரி போக நின்றது, விலைவாசி போக நின்றது. அதற்குப் பிறகு செய்த எல்லா முதலீட்டையும் இந்த நான்கு கட்டத்திலும் எழுதிவருகிறேன். முதல் இரண்டு கட்டத்தை மட்டும் பார்த்துத்தான் நம்மில் பெரும்பாலோர் லாபம், நஷ்டம் பேசுகிறோம். நானும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் பேசிவந்தேன். நான்காவது கட்டத்தைப் பார்க்கப் பழகிய பிறகு, பங்கு, டெபாசிட், தங்கம் எதைப் பற்றிய என் கருத்தும் பழையபடி இல்லை.

முதலில் விலைவாசியைப் பற்றி. அரசு வெளியிடும் பணவீக்க எண் பொய் என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது ஒரு சராசரி. ஆயிரக்கணக்கான வீடுகளின் செலவை ஒன்றாகச் சேர்த்து, எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்று முடிவு செய்து போடும் கணக்கு. உங்கள் வீடு அந்தச் சராசரி வீடு இல்லை என்பதுதான் விஷயம். மூன்று வருடம் எங்கள் வீட்டுச் செலவை வகைவாரியாக எழுதிப் பார்த்தோம். மின்சாதனங்கள், தொலைபேசிச் செலவு போன்றவை ஏறவே இல்லை, சில வருடம் குறையக்கூடச் செய்தன. படிப்பு, மருத்துவம், வாடகை மூன்றும்தான் ஏறின. எங்கள் செலவில் பாதிக்கு மேல் அந்த மூன்றுதான். அதனால் எங்கள் வீட்டுப் பணவீக்கம், அறிவிக்கப்பட்ட எண்ணைவிட எப்போதும் ஒன்று, ஒன்றரை சதவீதம் கூடவே இருந்தது. பிள்ளைகள் படித்து முடித்து, சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இது குறைவாகவும் இருக்கலாம். உங்கள் எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருடச் செலவுக் கணக்கு எழுதினால் போதும், தோராயமாகத் தெரிந்துவிடும்.

72-ஐ விலைவாசி ஏறும் விகிதத்தால் வகுத்தால், விலை இரண்டு மடங்காக எத்தனை வருடம் ஆகும் என்று வரும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். 60 வயதில் ஓய்வு பெறுகிறவர் 84 வயது வரை இருந்தால், அவர் கண்முன்னே விலை நான்கு மடங்காகும். ஓய்வூதியம் நிலையான தொகையாக இருந்தால், கடைசி வருடத்தில் அதன் மதிப்பு கால்வாசிதான். இதை நினைத்துத்தான் நான் பங்குச் சந்தைக்கே வந்தேன். பணக்காரன் ஆகும் ஆசை இல்லை, தேய்மானத்துக்குப் பயந்துதான் வந்தேன்.

பங்கு ஏன் விலைவாசிக்கு மருந்து என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். பொருளின் விலை ஏறினால், அந்தப் பொருளை விற்கும் நிறுவனத்தின் வருமானமும் ஏறும், அந்த நிறுவனத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. சரிதான். ஆனால் இது பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் பங்கு விலையைச் சேர்த்துக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 1966 பிப்ரவரியில் 995 புள்ளிகளைத் தொட்டது. 1982 ஆகஸ்டில் அது 777-க்கு அருகில் இருந்தது. பதினாறு வருடத்துக்கு மேல் காத்திருந்தும் எண்ணே குறைந்துவிட்டது. அந்தப் பதினாறு வருடத்தில் அங்கே விலைவாசி மூன்று மடங்காகியிருந்தது. இடையில் டிவிடெண்ட், அதாவது நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம், வந்தது உண்மை, ஆனால் அது இந்தக் குழியை மூடப் போதவில்லை. 1980 மார்ச்சில் அங்கே பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதை அடக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் அளவுக்குக் கொண்டுபோனார். நம் காலத்திலும் 2022-ல் இதே போல ஒன்றைப் பார்த்தோம். அமெரிக்காவில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்ட அந்த வருடத்தில் பங்கும் விழுந்தது, கடன் பத்திரமும் விழுந்தது.

காரணம் இரண்டு. விலைவாசி வேகமாக ஏறும்போது வட்டியும் ஏறும். டெபாசிட்டிலேயே நல்ல வட்டி கிடைக்கும்போது, பங்குக்கு அதே விலையைக் கொடுக்க யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். இரண்டாவது காரணம் நிறுவனத்தின் உள்ளே நடக்கிறது. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய இயந்திரத்தின் தேய்மானத்தை அன்றைய விலையில்தான் கணக்கில் கழிக்கிறார்கள். அதே இயந்திரத்தை மறுபடி வாங்கும்போது இன்றைய விலையைக் கொடுக்க வேண்டும். ஆக, கணக்குப் புத்தகத்தில் தெரியும் லாபத்தில் ஒரு பகுதி லாபமே இல்லை. ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் நிறுவனம் வரி கட்டுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பணம் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு நிறுவனங்களின் பங்கை வாங்கினேன். ஒன்று, பெரிய ஆலைகளும் பெரிய கடனும் உள்ள கனரகத் தொழில். இன்னொன்று, வீட்டில் தினமும் பயன்படுத்தும் ஒரு சாமானைத் தயாரிப்பது. முதல் நிறுவனத்தின் விற்பனை வருடா வருடம் 8, 9 சதவீதம் ஏறியது. ஆண்டறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் குளிர்ந்தது. நான்காவது வருடம்தான் ஆண்டறிக்கையின் உள்பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அட்டவணை கண்ணில் பட்டது. எத்தனை டன் விற்றார்கள் என்ற கணக்கு அது. நான்கு வருடமும் ஏறக்குறைய அதே டன். விற்பனை வளரவே இல்லை, விலை மட்டும்தான் ஏறியிருந்தது. மூலப்பொருள் விலை, கூலி, வட்டி எல்லாம் அதைவிட வேகமாக ஏறியிருந்தன. இரண்டாவது நிறுவனமோ விலையைக் கூட்டினாலும் வாங்குபவர்கள் விட்டுப் போகவில்லை. புதிய ஆலைக்கு அடிக்கடி பணம் கொட்ட வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

அன்றிலிருந்து எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் முதலில் எண்ணிக்கையைத்தான் தேடுகிறேன். எத்தனை விற்றது, எத்தனை வாடிக்கையாளர்கள், எத்தனை டன். பிறகு, விலையைக் கூட்டினால் ஆட்கள் நிற்பார்களா என்று யோசிக்கிறேன். பிறகு கடன். இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வாங்குவதில்லை. இவ்வளவு பார்க்க நேரம் இல்லாதவர்கள் தனிப் பங்கு வாங்கவே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறது. சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட் அது. 1976-ல் ஜான் போகல் வான்கார்ட் நிறுவனத்தின் வழியாகச் சாதாரண மக்களுக்கென்று அதைத் தொடங்கியபோது பெரிய வரவேற்பு இல்லை, எதிர்பார்த்த தொகையில் சிறு பங்குதான் திரண்டது. ஆனால் சிறு முதலீட்டாளருக்கு அதைவிடப் பெரிய உதவியை வேறு யாரும் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். காரணம் கட்டணம். 1 லட்சம் 25 வருடம் 10 சதவீதத்தில் வளர்கிறது என்று வையுங்கள். வருடக் கட்டணம் 0.2 சதவீதம் என்றால் கையில் வருவது 10 லட்சத்து 35 ஆயிரம். கட்டணம் 2 சதவீதம் என்றால் 6 லட்சத்து 85 ஆயிரம். இரண்டு சதவீதம்தானே என்று தோன்றுகிற ஒன்று, கடைசியில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடுகிறது. எனக்கு இது தெரியவந்தபோது, ஒன்பது வருடமாக அதிகக் கட்டணம் உள்ள ஒரு ஃபண்டில் மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது வரிக்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

அந்த இரண்டாவது நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதியைப் பதினோரு வருடம் கழித்து விற்றேன். வாங்கியது 1 லட்சத்துக்கு, விற்றது 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு. வரிப் படிவத்தில் லாபம் 1 லட்சத்து 60 ஆயிரம், அதற்கு 15 சதவீத வரி 24 ஆயிரம். குறைவான வரிதான் என்று கட்டிவிட்டு நோட்டை எடுத்தேன். 6 சதவீத விலைவாசியில் பதினோரு வருடத்துக்கு முந்தைய 1 லட்சம், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம். அப்படியானால் என் உண்மையான லாபம் 70 ஆயிரம்தான். மீதி 90 ஆயிரம், என் அசல் தன் பழைய மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். அந்த 90 ஆயிரத்துக்கும் சேர்த்து வரி கட்டியிருக்கிறேன். 70 ஆயிரத்தில் 24 ஆயிரம் என்றால் 34 சதவீதம். படிவத்தில் 15 என்று எழுதியிருந்தது, நான் கட்டியது 34.

பங்கு விலைவாசியை விடக் கொஞ்சம் மட்டும் கூட ஏறியிருந்தால் இது இன்னும் மோசமாகும். லாபம் என்று வரி கட்டிய பிறகு உண்மையில் மிஞ்சுவது நஷ்டமாக இருக்கும். அந்தக் கல்லூரி டெபாசிட்டில் நடந்தது அதுதான்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த குறை இல்லை. உலகம் முழுக்க அரசுகளுக்குத் தெரியும். பிரிட்டனில் 1982 முதல், லாபத்தைக் கணக்கிடும்போது வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ள அனுமதித்தார்கள். தனிநபர்களுக்கு 1998-ல் அதை நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியா 1985-ல் மூலதன ஆதாய வரியை, அதாவது சொத்தை விற்ற லாபத்துக்கான வரியை, கொண்டுவந்தபோதே இந்தச் சலுகையும் இருந்தது. 1999-ல் அதை எடுத்துவிட்டு, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்தில் பாதிக்கு மட்டும் வரி என்று மாற்றினார்கள். இந்தியாவில் 2024 ஜூலை 23 முதல் விற்கும் சொத்துகளுக்கு இந்த விலைவாசித் திருத்தத்தைப் பொதுவாக நீக்கி, விகிதத்தை 20-லிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு மட்டும் பழைய முறையிலும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் பொதுவாக மூலதன ஆதாய வரியே கிடையாது. அமெரிக்காவில் பங்கு நஷ்டத்தைச் சம்பளம் போன்ற வருமானத்திலிருந்து கழிக்க வருடத்துக்கு 3,000 டாலர்தான் வரம்பு. அந்த வரம்பு 1978-லிருந்து மாறவில்லை. இத்தனை வருட விலைவாசியில் அந்த 3,000 டாலரின் மதிப்பு எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று பாருங்கள். சட்டத்தில் யாரும் கை வைக்காமலே வரி ஏறிக்கொண்டிருக்கிறது. வரி அடுக்குகளும் அப்படித்தான். விலைவாசிக்காகச் சம்பளம் ஏறுகிறது, அடுக்கின் வரம்பை உயர்த்தாவிட்டால் அடுத்த அடுக்குக்குத் தள்ளப்படுகிறோம், வாங்கும் சக்தி கூடாமலே வரி கூடுகிறது.

பணவீக்கத்திலிருந்து காக்கவே வெளியிடப்பட்ட கடன் பத்திரங்கள்கூட இதிலிருந்து தப்பவில்லை. அமெரிக்க அரசு 1997 முதல் அப்படிப்பட்ட பத்திரங்களை வெளியிடுகிறது. விலைவாசி ஏறினால் அசல் தொகையே ஏறும். ஆனால் அப்படி ஏறும் தொகை கைக்கு வர வருடங்கள் இருக்கும்போதே, அந்தந்த வருட வருமானமாகக் கருதி அதற்கு வரி வாங்குகிறார்கள்.

நான் வரி கட்டுவதை வெறுப்பவன் இல்லை. நான் படித்த பள்ளி யாரோ கட்டிய வரியில் நடந்தது. அதை மறந்து பேச மாட்டேன். வருமானத்துக்கு வரி கேளுங்கள், கட்டுகிறேன். விலைவாசி ஏற்றம் வருமானம் இல்லையே? அதற்கு வரி வாங்குவது அசலில் கை வைப்பது. எதிர்த்தரப்பில் நியாயமான வாதம் ஒன்று உண்டு. கடன் வாங்கியவருக்குப் பணவீக்கம் லாபம், அவர் திருப்பிக் கொடுக்கும் பணத்தின் மதிப்பு குறைந்துவிடுகிறது. அவருடைய வட்டிச் செலவை முழுதாகக் கழிக்கவிட்டு, முதலீட்டாளருக்கு மட்டும் விலைவாசித் திருத்தம் கொடுத்தால், கடன் வாங்கிப் பங்கு வாங்குபவர் இரண்டு பக்கமும் சம்பாதிப்பார் என்கிறார்கள். உண்மைதான். அதனால் நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு விகிதத்தைக் குறைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்தக் குறைந்த விகிதத்தைப் பணக்காரர்களுக்குக் கொடுக்கும் சலுகை என்று மட்டும் சொல்வதை ஏற்க முடியவில்லை. அதில் ஒரு பகுதி விலைவாசிக்கான ஈடு.

சட்டம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது, எப்போது விற்பது என்பது. டெபாசிட்டில் வருடா வருடம் வரி போகிறது. பங்கில் விற்கும் வரை போவதில்லை, டிவிடெண்டைத் தவிர. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் பாருங்கள். 1 லட்சம், வருடத்துக்கு 10 சதவீத வளர்ச்சி, 20 வருடம். வருடா வருடம் விற்று வாங்கி 15 சதவீத வரி கட்டினால் கடைசியில் 5 லட்சத்து 11 ஆயிரம். தொடாமல் இருந்து கடைசியில் ஒரே தடவை அதே 15 சதவீதம் கட்டினால் 5 லட்சத்து 87 ஆயிரம். எந்தத் திறமையும் இல்லாமல், சும்மா இருந்ததற்குக் கிடைத்தது 75 ஆயிரத்துக்கு மேல். கட்ட வேண்டிய வரி அதுவரை வட்டியில்லாக் கடன் மாதிரி நமக்காக உழைக்கிறது. குறுகிய கால லாபத்துக்குப் பல நாடுகளில் விகிதமும் அதிகம், புரோக்கர் கட்டணமும் சேரும், வித்தியாசம் இன்னும் விரியும். ஒரு வருடம் நான் ஓயாமல் வாங்கி விற்றேன். வருடக் கடைசியில் முதல் இரண்டு கட்டத்தில் 13 சதவீத லாபம். நான்காவது கட்டத்தில் 2.

இதை வைத்து, வரிக்குப் பயந்து விற்காமலே இருப்பதும் தப்பு. அந்தக் கனரகத் தொழில் பங்கில் கோளாறு என்று தெரிந்ததும் விற்றிருக்க வேண்டும். கடைசியாக வாங்கிச் சேர்த்த பெரிய பகுதிக்குக் குறைந்த வரி விகிதம் கிடைக்க இன்னும் ஏழு வாரம் இருந்தது. காத்திருந்தேன். அந்த ஏழு வாரத்தில் அதன் விலை மூன்றில் ஒரு பகுதி விழுந்தது. மிச்சம் பிடிக்க நினைத்த வரியைவிடப் பல மடங்கு போனது. வரியை எப்போதும் இரண்டாவதாகத்தான் யோசிக்க வேண்டும். விற்க வேண்டுமா என்பதற்குப் பதில் கிடைத்த பிறகுதான், எந்தத் தேதியில் என்ற கேள்வியே வர வேண்டும். வரிச் சலுகைக்காகவே வருடக் கடைசி வாரத்தில் ஏதோ ஒரு திட்டத்தில் பணத்தைப் பூட்டி வைப்பதும் இதே ரகம். சலுகை ஒரு தடவைதான் கிடைக்கும், பணம் பல வருடம் அதில் கிடக்கும்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் பின்னால் பெரிய தொல்லை தரும். வாங்கிய தேதி, விலை, கட்டணம், பிறகு இலவசமாக வந்த போனஸ் பங்கு, ஒரு பங்கைப் பலவாகப் பிரிக்கும் முகமதிப்புப் பிரிப்பு எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். பதினைந்து வருடம் கழித்து புரோக்கர் நிறுவனம் இருக்கிறதோ இல்லையோ. அப்பா காலமான பிறகு அவருடைய பங்குகளை எங்கள் பெயருக்கு மாற்றினோம். விற்கும்போது வாங்கிய விலையைக் கேட்டார்கள். பழைய டைரிகளைப் புரட்டி, பென்சிலில் அவர் குறித்து வைத்திருந்த ஒரு வரியைக் கண்டுபிடித்த பிறகுதான் கணக்கு முடிந்தது.

பங்கைப் பற்றி இவ்வளவு நல்லது சொன்ன பிறகு விழுந்த கதையையும் சொல்ல வேண்டும். 2020-ல் அமெரிக்கச் சந்தை பிப்ரவரி 19-லிருந்து மார்ச் 23-க்குள் 34 சதவீதம் விழுந்தது, உலகம் முழுக்க மற்ற சந்தைகளும் கூடவே விழுந்தன. நான் விற்கவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஒன்றரை வருடக் குடும்பச் செலவு தனியாக டெபாசிட்டில் இருந்தது, வேலையும் இருந்தது, அதனால் விற்க அவசியம் வரவில்லை. அதே மாதத்தில் என் நெருங்கிய உறவினர் ஒருவர், வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்தைப் பங்கில் வைத்திருந்தார். ஏப்ரலில் பணம் கட்டியாக வேண்டும். அடிமட்ட விலையில் விற்றார். ஆகஸ்டுக்குள் அமெரிக்கச் சந்தை பழைய உச்சத்துக்குத் திரும்பிவிட்டது, அவருடைய பணம் திரும்பவில்லை. அவர் என்னைவிட விவரம் தெரிந்தவர், நிறுவனங்களை என்னைவிட நன்றாக எடை போடுபவர். எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அந்த டெபாசிட் மட்டும்தான். விலைவாசியில் தேய்கிறது என்று நான் குறை சொன்ன அதே டெபாசிட். அது தேய்வது பங்கை விற்காமல் இருப்பதற்கு நான் கொடுக்கும் விலை என்று எடுத்துக்கொள்கிறேன். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடுவதில்லை என்ற விதியை அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மீறவில்லை.

எல்லா வீழ்ச்சியும் ஆறு மாதத்தில் மீளும் என்றும் நம்பக் கூடாது. ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பர் 29 அன்று 38,915-ல் முடிந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு வருடம். உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்கு அந்தக் கதி. மாதாமாதம் போட்டவர்கள் இடைப்பட்ட தாழ்ந்த விலைகளிலும் வாங்கியதால் அவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் ஒரே நாட்டின் பங்கில் எல்லாப் பணத்தையும் வைப்பதில்லை, பெரிய தொகை கைக்கு வந்தால் ஒரே நாளில் போடுவதுமில்லை. மொத்தமாகப் போடுவதே சராசரியாகக் கூடுதல் லாபம் என்று கணக்குக் காட்டுபவர்கள் உண்டு. அந்தச் சராசரி சரியாகவே இருக்கட்டும். எனக்கு வாழ்வது ஒரே வாழ்க்கை, என் கதை அந்தச் சராசரியின் எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டித் தெரியாதே.

போன மாதம் அக்கா ஓய்வு பெற்றாள். வந்த தொகை முழுவதையும் டெபாசிட்டில் போடுவதாக இருந்தாள். "தம்பி, இந்த வயசுல எனக்குப் பங்கெல்லாம் வேண்டாம். வட்டி வந்தா போதும்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. நோட்டைத் திறந்து, அவளுடைய மாதச் செலவை மட்டும் கேட்டேன். இன்றைய செலவு, பன்னிரண்டு வருடம் கழித்து அதன் இரண்டு மடங்கு, வட்டி அதே வட்டி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வரி போட்டியா இதுல?" என்று கேட்டாள். போடவில்லை. அதையும் போட்டோம்.

கடைசியில் ஐந்து வருடச் செலவுக்கான தொகையை டெபாசிட்டாக, முதிர்வுத் தேதியைப் பிரித்து ஐந்து துண்டாகப் போட்டோம். ஒவ்வொரு வருடமும் ஒன்று முதிரும். மருத்துவத்துக்கென்று தனியாக ஒன்று. மிச்சத்தில் பாதியைப் பணவீக்கத்தோடு ஏறும் அரசுப் பத்திரத்திலும், மறுபாதியை இரண்டு வருடத்துக்குப் பிரித்து இண்டெக்ஸ் ஃபண்டிலும் போடுவதாக முடிவு. சந்தை நன்றாக இருக்கும் வருடம் ஃபண்டிலிருந்து கொஞ்சம் எடுத்து டெபாசிட்டை நிரப்புவோம், விழுந்த வருடம் அதைத் தொட மாட்டோம். இதுவரை இரண்டு தவணைதான் போயிருக்கிறது. மூன்றாவது வரும் திங்கட்கிழமை. நேற்று போனில், சந்தை இறங்கியிருக்கிறதே, போடலாமா என்று கேட்டாள். போடலாம் அக்கா என்றேன்.